மேல்மாடியில் ஓடிய காகித அசெம்பிளி லைன்

வைவாவில் அசெம்பிளி லைன் யாருடையது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். ஹென்றி ஃபோர்டு, 1913, ஹைலண்ட் பார்க், மாடல் டி கார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துடலாம். மார்க் கிடைக்கும். பதிலும் தப்பில்லை. ஆனால் அதற்கு அறுபது வருடத்துக்கும் மேலே முன்னாடி, அதே அமெரிக்காவில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் சில பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு பொருளைக் கைக்குக் கை நகர்த்தி முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொருள் கார் இல்லை, வாழ்த்து அட்டை. வெறும் அச்சடித்த அட்டையும் இல்லை. கவரிலிருந்து எடுத்தால் லேஸும் பூவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும்பி நிற்கிற, கையால் செய்த பாப்-அப் அட்டை.

அந்த வேலையைத் திட்டமிட்டு நடத்தியவர் பெயர் எஸ்தர் ஹவ்லண்ட். அமெரிக்காவில் அவரை வேலண்டைன் அட்டைகளின் தாய் என்று அழைக்கிறார்கள். பிப்ரவரி மாசம் வந்தால் அங்கே பத்திரிகைகளில் அவரைப் பற்றி ஒரு கட்டுரையாவது வரும். பெரும்பாலும் காதல், ரோஜா, இதயம் என்றுதான் எழுதுவார்கள். இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறே இருக்கு. நம்ம ப்ரொடக்‌ஷன் பேப்பரில் வருகிற பாதி சிலபஸ் இந்த அம்மாவின் மாடி அறையில் கிடக்கிறது.

1828 ஆகஸ்ட் 17. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். (ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் படித்தால் வொர்செஸ்டர் என்றுதான் வாயில் வரும். ஊர்க்காரர்கள் வூஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள்.) ஊரே கைத்தொழிலும் மெஷினும் கலந்த ஊர். கம்பி இழுக்கிற ஆலைகள் அங்கே பெரிய அளவில் ஓடின. 1853-ல் அந்த ஊர் டாக்டர் ரஸ்ஸல் ஹாஸ் தபால் கவர் மடிக்கிற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். டாக்டருக்கு எதுக்குக் கவர் மெஷின் என்று கேட்காதீங்க, அந்த ஊர்த் தண்ணி அப்படி. ராக்கெட்டுக்காரர் ராபர்ட் கோடார்ட் பிறந்ததும் அங்கேதான், 1882-ல்.

எஸ்தரின் அப்பா ஊரில் பெரிய புத்தகக் கடையும் ஸ்டேஷனரிக் கடையும் வைத்திருந்தார். அம்மா வீட்டு நிர்வாகம், சமையல், சிக்கனம் பற்றி ஒரு புத்தகம் எழுதி அது நன்றாகவே விற்றது. ஆக, காகிதம் எங்கே வாங்குவது, என்ன விலை, எதை எப்படி விற்பது, வீட்டில் வேலையை எப்படிப் பங்கு போடுவது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்து வளர்ந்த பெண்.

படித்தது மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில். மேரி லயன் என்பவர் 1837-ல் தொடங்கிய கல்வி நிலையம். பெண்களுக்கு உயர்கல்வி என்பதே வேடிக்கையாகப் பார்க்கப்பட்ட நேரம். அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கட்டணம் குறைவாக இருக்கணும் என்பதற்காக வேலையாட்களை வைத்துக்கொள்ளவில்லை. சமையல், பாத்திரம், பெருக்குவது எல்லாவற்றையும் மாணவிகளே செய்யணும். ஆளாளுக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு நேரம், அதைக் கவனிக்க ஒருவர் என்று பிரித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் சாப்பாட்டை இப்படி முடித்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். எஸ்தர் பின்னால் மாடி அறையில் செய்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் ஊகம். யாரும் இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் இருந்தவர்களுக்குப் புரியும், வேலையைத் துண்டு போடுவது எவ்வளவு பெரிய படிப்பு என்று.

1847-ல் படிப்பு முடிந்தது. வயது பத்தொன்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அப்பாவின் வியாபாரத் தொடர்பு ஒருவரிடமிருந்து இங்கிலாந்தில் செய்த ஒரு வேலண்டைன் அட்டை அவர் கைக்கு வந்தது. பின்னல் வேலை மாதிரி ஓரம், வண்ணத்தில் வெட்டி ஒட்டிய பூக்கள், நடுவில் குட்டியாக ஒரு பை. இங்கிலாந்தில் இந்த வழக்கம் அப்போது உச்சத்தில் இருந்தது. 1840-ல் ஒரு பென்னிக்கு எங்கேயும் தபால் போகும் என்று ஆனதும் அட்டை அனுப்புவது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் முதல் தபால் தலையே 1847-ல்தான் வந்தது. அங்கே நல்ல அட்டை வேண்டும் என்றால் கப்பலில் வரணும். விலை சாதாரண ஆளுக்கு எட்டாது.

அட்டையைப் பார்த்தவர்கள் அழகு என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எஸ்தர் அதில் என்னென்ன துண்டு இருக்கு என்று பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னால் ரிவர்ஸ் இன்ஜினியரிங். இது நம்மாலேயே முடியும், இதைவிட நன்றாகவே முடியும் என்று முடிவு செய்து, அப்பாவிடம் சொல்லி இங்கிலாந்திலிருந்து லேஸ் காகிதமும் நியூயார்க்கிலிருந்து வண்ணப் படங்களும் வரவழைத்தார்.

லேஸ் காகிதம் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. கத்தரிக்கோலால் வெட்டினது இல்லை. கோலம் செதுக்கிய உலோக அச்சில் காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். வடிவம் புடைத்து எழும். புடைத்த மேடுகளை மட்டும் அரம் மாதிரி எதையாவது வைத்து மெல்லத் தேய்த்தால் அந்த இடம் ஓட்டையாகும். மிச்சம் நிற்பது பின்னல். எளிமையான யோசனைதான். ஆனால் அச்சு செதுக்க ஆளும் மெஷினும் வேணும், அது அப்போது அமெரிக்காவில் இவர் கைக்கு எட்டவில்லை. அதனால் மூலப்பொருளை இறக்குமதி செய்துகொண்டு, சேர்த்துக் கட்டுகிற வேலையை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இன்றைக்கு நம்ம ஊர்ப் பக்கம் போன் கம்பெனிகள் பாகங்களை வரவழைத்து அசெம்பிள் பண்ணுகிற மாதிரிதான்.

சுமார் ஒரு டஜன் மாதிரி அட்டைகள் தயாரானது. சகோதரர் ஒருவர் அப்பாவின் கடைக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிறவர். அவர் பெட்டியில் இந்த மாதிரிகளையும் போட்டு அனுப்பினார். எஸ்தரின் எதிர்பார்ப்பு இருநூறு டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்பது. சகோதரர் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஐயாயிரம் டாலருக்கு மேலான ஆர்டர். இருபத்தைந்து மடங்கு.

சந்தோஷம் என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்க, பிப்ரவரி 14 என்பது தள்ளிப்போடக்கூடிய டெட்லைன் இல்லை. 15-ம் தேதி போய்ச் சேருகிற வேலண்டைன் அட்டைக்கு மதிப்பே கிடையாது. ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, காயவைத்தால் இந்த ஆர்டர் எந்த வருடப் பிப்ரவரியில் முடியும்?

சம்மர் தெருவில் இருந்த வீட்டின் மேல்தளத்தைக் காலி செய்தார். தோழிகளைக் கூப்பிட்டார். ஒருவர் வண்ணப் படங்களை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அடிக்காகிதத்தைத் தயார் செய்வார். இன்னொருவர் அதன்மேல் பின்னணியை ஒட்டுவார். அவரிடமிருந்து அடுத்த கைக்குப் போகும். இப்படிப் பல கை மாறி, கடைசியில் முழு அட்டை வெளியே வரும். ஒவ்வொரு வகைக்கும் எஸ்தர் முதலில் ஒன்றைத் தானே செய்து வைப்பார். அதுதான் மாஸ்டர். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்யணும்.

ஆர்டர் இன்னும் கூடியதும் அறைக்கு வர முடியாத பெண்களுக்கு வேலை வீட்டுக்கே போனது. ஒரு பெட்டியில் மாதிரி அட்டைக்குத் தேவையான துண்டுகள் எல்லாம் எண்ணி வைத்து அனுப்புவார்கள். ஒரு வாரம் கழித்து வண்டி வந்து முடிந்த அட்டைகளை எடுத்துப் போகும். எஸ்தர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புவார். கிட்டிங், அவுட்சோர்சிங், இன்ஸ்பெக்‌ஷன். இந்த வார்த்தைகள் எல்லாம் பிறகு வந்தவை, வேலை முன்னாலேயே நடந்தது.

ஃபோர்டுக்கு முன்னால் இவர்தான் என்று நிறைய இடத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. நகர்கிற பெல்ட் இல்லை, வேகத்தை மெஷின் முடிவு செய்யவில்லை. வேலையைப் பிரித்தால் உற்பத்தி கூடும் என்பதை ஆடம் ஸ்மித் 1776-லேயே குண்டூசித் தொழிற்சாலையை வைத்து விளக்கிவிட்டார். எஸ்தரின் அறை அந்தக் குண்டூசித் தொழிற்சாலைக்குத்தான் சொந்தம். ஆனால் ஸ்மித்தின் குண்டூசி எல்லாம் ஒரே மாதிரி. அதில் ரசனைக்கு இடமே இல்லை. இவர் கையில் எடுத்தது, வாங்குகிறவர் இது எனக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்தது என்று நம்பவேண்டிய பொருள். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் ஆயிரக்கணக்கில் செய்யணும். இது ஃபோர்டுக்குக் கூட வராத பிரச்சனை. மாடல் டி வாங்கினவர் யாரும் காரில் கையெழுத்தைத் தேடவில்லை.

இந்த இடத்தில்தான் அந்த எழும்பி நிற்கிற விஷயம் வருகிறது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புதுமைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, வெள்ளை லேஸுக்கு அடியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டு வைப்பது. வெள்ளை மேல் வெள்ளை லேஸ் கண்ணுக்குத் தெரியாது. அடியில் சிவப்போ நீலமோ வந்தால் ஒவ்வொரு ஓட்டையும் பேசும். செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இரண்டாவது, அடுக்குகளுக்கு நடுவில் காகித ஸ்பிரிங்.

ஸ்பிரிங் என்றதும் கம்பியை நினைக்க வேண்டாம். ஒரு மெல்லிய காகிதப் பட்டையை ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்னும் பின்னும் மடிப்பது, அவ்வளவுதான். ஒரு முனை அடிக்காகிதத்தில், மறு முனை மேல் லேஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கவருக்குள் போகும்போது தட்டையாகப் படுத்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் மடிப்புகள் கொஞ்சம் விரிந்து மேல் அடுக்கைத் தூக்கும். நடுவில் நிழல் விழும். படம் ஒரு சின்ன மேடை மாதிரி ஆகிவிடும்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு விஷயம். ஏ4 சைஸ் சார்ட் பேப்பரை நடுவில் மடித்து அட்டையாக்கிக்கொள்ளுங்கள். அட்டையின் முகத்தில் ஒட்ட ஒரு சட்டம் வெட்டுங்கள். நடுவில் ஜன்னல் விட்டு, ஓரத்தில் பஞ்சிங் மெஷினாலோ ஊசியாலோ லேஸ் மாதிரி ஓட்டை போடலாம். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பட்டைகள், மூலைக்கு ஒன்று. பட்டையின் இரண்டு முனையிலும் பசை தடவ ஒவ்வொரு சின்ன மடிப்பு விட்டு, நடுவில் எத்தனை மடிப்புத் துண்டு வைப்பது என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரே ஒரு துண்டு என்றால் அது இசட் வடிவம். அழுத்தும்போது மேல் அடுக்கு நேராக இறங்காது, அந்தத் துண்டின் உயரம் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து படுக்கும். நான்கு பட்டையும் ஒரே திசையில் இருந்தால் பரவாயில்லை, கைனமேட்டிக்ஸில் வரைந்த பேரலல் லிங்கேஜ் மாதிரி ஒழுங்காக நகரும். கவரில் அதற்கு இடம் விட்டால் போதும். ஒன்று மட்டும் எதிர்த் திசையில் ஒட்டியிருந்தால் அட்டை மூடவே மூடாது. அல்லது சுருங்கிக் கிழியும். நடுவில் இரண்டு சம அளவுத் துண்டுகள் வைத்தால் ஒன்று இடப்பக்கம் நகர்த்துவதை மற்றது வலப்பக்கம் இழுத்துச் சரிசெய்துவிடும், மேல் அடுக்கு செங்குத்தாக ஏறி இறங்கும். துருத்தி மடிப்பின் லாபம் இதுதான். பசையைக் குறைவாகத் தடவுங்கள். ஈரம் அதிகமானால் லேஸ் சுருளும். ஒட்டிய உடனே நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து நசுக்கவும் கூடாது. காய்ந்த பிறகு மூடணும், இல்லாவிட்டால் பட்டை பட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

பட்டையை ஒட்டும்போது ஒன்று புரியும். இது மெஷின் செய்கிற வேலை இல்லை. விரலும் பொறுமையும் வேணும். அன்றைக்கு அச்சு இயந்திரம் எவ்வளவு படம் வேண்டுமானாலும் அடிக்கும், இந்த நாலு மூலையை ஒட்டாது. எஸ்தர் மனுஷக் கைகளின் வரிசையை ஏன் நம்பினார் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு அடுக்கு கூட்டினால் விலை கூடும், குறைத்தால் குறையும். ஐந்து சென்ட் அட்டையும் அவரிடம் இருந்தது. பட்டு, சாட்டின், பல அடுக்கு லேஸ் என்று போய் பல பத்து டாலர் விலைக்கு விற்றதும் இருந்தது. அடிப்படை வேலை ஒன்றே. கூலிக்காரனும் வாங்கலாம், பண்ணைக்காரனும் வாங்கலாம். அட்டையின் பின்னால் சிவப்பு நிறத்தில் ஹெச் என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். அதுதான் கம்பெனி முத்திரை.

உள்ளே எழுதும் வரிகளிலும் மூளை வேலை செய்தது. மற்றவர்கள் கவிதையை முகத்திலேயே அச்சடித்துவிடுவார்கள். வாங்க வந்தவருக்கு அட்டை பிடித்து வரி பிடிக்காவிட்டால் வியாபாரம் போச்சு. இவர் வரிகளை உள்ளே வைத்தார். 1879-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 31 பக்கம், 131 வரிக்கவிதைகள், வேறுவேறு அளவிலும் மையிலும். அட்டையில் இருக்கிற வரி பிடிக்கலையா, புத்தகத்திலிருந்து பிடித்ததை எடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்கு இது ரொம்ப கணக்குப் போட்ட காதலாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மனசில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வராதவர்கள்தான் அட்டைக் கடைக்குப் போகிறார்கள்.

1850 பிப்ரவரியில் வூஸ்டர் ஸ்பை என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய அட்டைக்கு விளம்பரம் வந்தது. அதே வருடம் அக்டோபரில் அதே ஊரில் அமெரிக்காவின் முதல் தேசியப் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. எஸ்தர் அங்கே போய் உட்கார்ந்தாரா என்று தேட வேண்டியதில்லை. மாநாட்டில் எதைக் கேட்டார்களோ அதில் ஒன்றை அவர் மாடியில் நடத்திக்கொண்டிருந்தார். பெண் சம்பாதிப்பது, அந்தச் சம்பாத்தியம் அவள் கையில் நிற்பது. மாசசூசெட்ஸில் கல்யாணமான பெண்ணின் சம்பளம் அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்ததே 1855-ல்தான். அதற்கு முன்னால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சம்பாத்தியம் கணவர் கணக்கு. எஸ்தர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைச் சொல்லும்போது எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். ஊருக்கெல்லாம் காதல் அட்டை செய்தவருக்கு காதல் அமையவில்லையே என்று. அந்தப் பெருமூச்சு தேவையா என்பது எனக்குச் சந்தேகம். கம்பெனி தொடங்கிய வருடத்திலேயே அவர் கல்யாணம் செய்திருந்தால் கம்பெனி யார் பெயரில் இருந்திருக்கும் என்பதையும் கூடவே கேட்கணும். ஓட்டுரிமை விஷயம் தனி. அது அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்கக் கிடைத்த 1920-ல் அவர் உயிரோடு இல்லை.

1866-ல் பனியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டது. சரியாகவில்லை. அதன்பிறகு பல காலம் சக்கர நாற்காலியில் இருந்தபடிதான் கம்பெனியை நடத்தினார். வியாபாரம் குறையவில்லை. வருடத்துக்கு லட்சம் டாலர் அளவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். கம்பெனிக்கு நியூ இங்கிலாந்து வேலண்டைன் கம்பெனி என்று பெயர் வந்தது. எட்வர்ட் டாஃப்ட் என்பவரோடு சேர்ந்து, 1879-ல் வீட்டு மாடியை விட்டு ஹாரிசன் தெருவில் தனி இடத்துக்கு மாறியது.

டாஃப்ட் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடணும். அமெரிக்காவின் முதல் வேலண்டைன் அட்டை இவருடையதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வது சரியில்லை. நியூயார்க்கில் அச்சடித்து விற்றவர்கள் முன்னாலேயே இருந்தார்கள். வூஸ்டருக்குப் பக்கத்து ஊரில் ஜோத்தம் டாஃப்ட் என்பவரும் இதே வேலையை ஏறக்குறைய இதே காலத்தில் தொடங்கியிருந்தார். லேஸ் காகிதம் இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு. ஒட்டின படங்கள் வேறு யாரோ அச்சடித்தது. எஸ்தருக்கென்று மிஞ்சுவது, இவற்றை எந்த வரிசையில் எந்தக் கையில் கொடுத்தால் அழகு குறையாமல் எண்ணிக்கை கூடும் என்ற கணக்கு. அது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு இருநூறு இன்விடேஷன் கையால் செய்து பார்க்கட்டும்.

1881-ல் கம்பெனியை ஜார்ஜ் விட்னியிடம் விற்றார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேணும். முப்பது வருடத்துக்கு மேல் கட்டி வளர்த்த தொழிலை ஒரு மகள் அப்பாவுக்காக விட்டுக் கொடுத்தார். மகன்களும் இருந்த வீடுதான் அது. சகோதரர்கள் இப்படி எதையும் விற்கவேண்டி வந்ததாகக் கதை இல்லை. வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப்போகின்றன. எனக்கு அங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

விட்னி வேறு மாதிரி ஆள். லேஸ் காகிதத்துக்கு இங்கிலாந்தை ஏன் நம்பணும் என்று அச்சு அழுத்துகிற மெஷின்களை வாங்கிப் போட்டார். எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தது. கம்பெனி நியூயார்க், பாஸ்டன், சிகாகோ வரை கிளை விட்டது. 1910-ல் தீப்பிடித்து எரிந்த தொழிற்சாலையைத் திரும்பவும் கட்டினார்கள். விலை குறைந்தது, எண்ணிக்கை கூடியது. ஒட்டுகிற வேலை அளவுக்கு அச்சடிக்கிற வேலையும் பெருகியது. கடைசியில் இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து 1942-ல் மூடினார்கள்.

அப்பா இறந்தபிறகு எஸ்தர் குவின்சி நகரில் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். 1904 மார்ச் 15-ல் அங்கேயே காலமானார். அந்த வருடத்துக் காதலர் தினம் போய் முப்பதாவது நாள். இன்று அமெரிக்க வாழ்த்து அட்டைத் துறையில் அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். அவருடைய அட்டைகள் நிறைய வூஸ்டரிலேயே, அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி என்ற பழைய நூலகத்தில் இருக்கின்றன. சேகரிக்கிறவர்கள் பழைய லேஸ் அட்டை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பார்க்கிறார்கள். சிவப்பு ஹெச் இருந்தால் விலை ஏறும். படத்தை வெட்டினவர், பின்னணி ஒட்டினவர், நாலு மூலையில் காகித ஸ்பிரிங் மடித்து வைத்தவர் யார் யார் என்று பின்னால் எதுவும் எழுதியிருக்காது.